நம்மைப் பிரிந்தார்

ஷார்ஜா, ரோலா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள பானுப்பிரியா அக்காவுக்கு,

என் பெயர் தாரிணி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எங்கள் கட்டிடத்தின் வாட்ச்மேன் அழகுமலை மாமாதான் உங்கள் விடுதி முகவரியைக் கொடுத்தார். நீங்கள் அவருடைய மகள் என்பதும், மதுரையில் ஒரு பழைய கல்லூரியில் வரலாறு படிக்கிறீர்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டும். எல்லோரும் போர்களையும் அரசர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ‘நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி’ என்று எடுத்தேன். எடுத்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இணையத்தில் கட்டிடங்களின் படங்கள் நிறைய இருக்கின்றன, உள்ளே இருந்த மனிதர்களைத்தான் காணோம். 1915இல் ஒரு மாணவன் காலையில் என்ன சாப்பிட்டான், எதற்காகச் சண்டை போட்டான், பரீட்சை முடிந்த அன்று எங்கே போனான் என்று யாருமே எழுதி வைக்கவில்லை. இதை லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். மாமா கேட்டுவிட்டார்.

“எம் மக படிக்கிற காலேசு வெள்ளக்காரன் காலத்துது பாப்பா. அவளுக்கு எழுதிக் கேளு. அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இருக்காது” என்றார்.

முகவரியை எங்கும் பார்க்காமல், அறை எண், பின்கோடு வரைக்கும் மனப்பாடமாகச் சொன்னார். போன் நம்பர் இருக்கிறதா என்று அம்மா கேட்டார். “மாத்திட்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட் கதவைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அது ஏற்கெனவே துடைத்த கதவு.

எனக்கும் இன்னும் கைப்பேசி கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்கிறார் அம்மா. அதனால் நாம் பழைய காலத்து மாதிரியே எழுதிக்கொள்ளலாம். இங்கே தபால்காரர் வீட்டுக்கு வர மாட்டார். அப்பாவின் அலுவலகத்துக்கு ஒரு தபால் பெட்டி இருக்கிறது, அதன் எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அப்பா வாரத்துக்கு ஒரு முறை அதைத் திறப்பார்.

உங்கள் கல்லூரியில் பழைய செய்திகள் ஏதாவது இருக்குமா அக்கா? மிகச் சின்னச் செய்தியாக இருந்தாலும் சரி.

மாமா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். உங்கள் பதில் வந்தால் உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டாமாம். உறையை மட்டும் ஒரு தடவை காட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
தாரிணி தியாகு


மதுரை
30 செப்டம்பர் 2024

தாரிணிக்கு,

உன் தமிழ் நன்றாக இருக்கிறது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாட்ச்மேனைப் பற்றி எனக்கு எழுதாதே. கல்லூரியைப் பற்றிக் கேள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீ அதிர்ஷ்டக்காரி. எங்கள் நூலகத்தில் பழைய ‘கல்லூரி மலர்’களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் துறைப் பிள்ளைகள்தான் முறை வைத்துப் பக்கம் திருப்புகிறோம். வேகமாகத் திருப்பினால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கல்லூரியைக் கலாசாலை என்றும் மாணவனை வித்தியார்த்தி என்றும் எழுதியிருக்கிறார்கள்.

உனக்குச் சாப்பாடு வேண்டுமென்றாயே. 1913இல் விடுதி மாணவர்கள் காலைக் கஞ்சிக்குப் பதிலாகக் காப்பி வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். காப்பி வாலிபர்களின் இரத்தத்தைக் கொதிக்கச் செய்யும் என்று வார்டன் மறுத்துவிட்டார். ஒரு வாரம் யாரும் கஞ்சிப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காப்பி என்று முடிவானது. மற்ற நாட்களில் இரத்தம் ஆறிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

1914இல் ஒரு கால்பந்தாட்டம். எதிர் அணி பூட்ஸ் போட்டிருந்தது. நம் அணி வெறுங்கால். தோற்றுப்போனார்கள். “நமது வீரர்களின் கால்விரல்களுக்கு நமது அனுதாபங்கள்” என்று எழுதியிருக்கிறார்கள்.

1915இல் முதல் முறையாக ஒரு பெண் சேர்ந்தாள். மிஸ் ஞானசுந்தரி என்று பெயர். பேராசிரியர் மேசைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்த மாதிரி அவளுக்குத் தனி நாற்காலி. பேராசிரியருக்குப் பின்னால் உள்ளே வர வேண்டும், அவருக்கு முன்னால் வெளியே போக வேண்டும். அந்த வருஷம் ‘பெண்களுக்கு உயர்தரக் கல்வி அவசியமா’ என்று ஒரு விவாதம் நடந்து, அவசியமில்லை என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள். அவளுக்கு ஓட்டு இல்லை.

இன்று எங்கள் வகுப்பில் மொத்தமே நான்கு பையன்கள்தான். அவர்களும் கடைசி பெஞ்சில் தூங்குகிறார்கள்.

உ. பானுப்பிரியா


ஷார்ஜா
19 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். “கால்விரல்களுக்கு அனுதாபங்கள்” என்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தமிழில் நான் மட்டும் மறுபடி சிரித்தேன்.

எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதை உறையைக் காட்டிய பிறகுதான் படித்தேன். அதனால் அந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், இனி எழுத மாட்டேன். மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். என் முகவரியை அவர் பார்க்கவே இல்லை. பின்பக்கம் அனுப்புநர் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ ‘உ’வா போட்டுருக்கா?” என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. இங்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையே விரித்து எழுதிவிடுவதால் எனக்கு இனிஷியலே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல் என்று அம்மா சொன்னார். அப்படியானால் உங்களுடையது ‘அ’ அல்லவா?

இங்கே வேறு விசேஷம் இல்லை. எதிர் ஃபிளாட் சரவணகுமார் மாமா குடும்பம் போன வாரம் முடித்துக்கொண்டு போனது. அவர்களுடைய சோபா இப்போது எங்கள் வீட்டில். அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் அவர்கள் வீட்டுச் சாம்பிராணி வாசனை வருகிறது.

ஞானசுந்தரிக்கு என்ன ஆயிற்று அக்கா? அவள் பரீட்சை எழுதினாளா? சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு எப்படிப் பாடம் கேட்டாள்? அவளைப் பற்றி எது இருந்தாலும் எழுதுங்கள்.

தாரிணி


மதுரை
8 நவம்பர் 2024

தாரிணிக்கு,

1916 தை மாத மலர் நேற்று என் கைக்கு வந்தது. அதில் தமிழ்ப் பகுதியின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நமது கலாசாலையின் ஏக ஸ்திரீ வித்தியார்த்தினியாகிய மிஸ் ஞானசுந்தரி சென்ற தசரா விடுமுறையோடு நம்மைப் பிரிந்தார். தர்க்க பாடத்தில் அவர் முதல் ஸ்தானம் பெற்றிருந்தார். அவருடைய நாற்காலி இன்னும் அவ்விடத்திலேயே இருக்கிறது.”

அவ்வளவுதான். அடுத்த வரி டென்னிஸ் போட்டி முடிவுகள்.

இனிஷியல் பற்றிக் கேட்டிருந்தாய். இனி யாரும் கேட்காமல் இருப்பதற்காக ஒரே ஒரு தடவை சொல்கிறேன். ‘உ’ என்றால் உமாராணி. என் அம்மா. போன வருஷம், உங்கள் ஊரில் பெருநாள் விடுமுறை சமயத்தில், காய்ச்சலில் இறந்துபோனார். எங்கள் ஊரில் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். ஆனால் ஷார்ஜாவிலிருந்து போனில் அவர், “வந்துர்றேன், வச்சிருங்க” என்றார். சிவகங்கையிலிருந்து ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்து அம்மாவை அதில் வைத்தோம். மறுநாளும் “வந்துர்றேன்” என்றார். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார். கரண்ட் போகும்போதெல்லாம் சித்தப்பா ஜெனரேட்டருக்கு ஓடுவார். நான் ரோட்டு முனையில் நின்று வருகிற ஒவ்வொரு காரையும் பார்ப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் இனி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான்.

வர முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே இல்லை. வருகிறேன் என்றார். பிறகு கேட்டதற்கு, “லீவு கெடைக்கல” என்ற ரெண்டே வார்த்தை. பெண்டாட்டி செத்ததற்கு லீவு தராத ஊர் எந்த ஊர்? அன்றைக்குப் போன் நம்பரை மாற்றினேன். கல்லூரியில் சேரும்போது இனிஷியலையும் மாற்றினேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

உ. பானுப்பிரியா


ஷார்ஜா
27 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுதாதே என்றீர்கள், எழுதவில்லை. ஞானசுந்தரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவள் இறந்துபோனாள் என்று நான் நினைக்கவே இல்லை. நாற்காலி அங்கேயே இருக்கிறது என்ற வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தசரா விடுமுறைக்குச் சந்தோஷமாக ஊருக்குப் போயிருப்பாள், அங்கே காலரா வந்திருக்கும். நூற்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்தவளுக்காக இன்றைக்கு யாராவது அழுவார்களா என்று அம்மா கடிந்துகொண்டார். ப்ராஜெக்ட்டின் கடைசிப் பக்கத்தை அவளுக்காக ஒதுக்கிவிட்டேன். அதற்கு ஒரு கறுப்புக் கரை போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. போன சனிக்கிழமை கீழே ஆரிப் இக்காவின் குரோசரிக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். அவர் மலப்புறத்து மலையாளி, மாமாவுடைய சிநேகிதர். போன வருஷப் பெருநாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது அவர் சொன்னதைக் கேட்டு, நேரே மாமாவிடம் போய் உண்மையா என்று கேட்டுவிட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் இருமினார். இப்போதெல்லாம் இருமல் அதிகம். பிறகு, “நான் இங்க இருக்கிற வரைக்கும் அத அவளுக்குச் சொல்லக் கூடாது பாப்பா” என்று என் பாடப் புத்தகத்தின் மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதனால் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதைச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

தாரிணி


மதுரை
13 டிசம்பர் 2024

அறிவாளி தாரிணிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நூலகத்தில் சத்தமாகச் சிரித்து, நூலகரிடம் திட்டு வாங்கினேன். கறுப்புக் கரையை முதலில் அழி. உன் ஞானசுந்தரி சாகவில்லை.

இந்த மலர்களில் யாராவது இறந்தால் “தேகவியோகம் அடைந்தார்” என்று எழுதுவார்கள், சுற்றிலும் கறுப்புக் கட்டம் இருக்கும். யுத்தத்துக்குப் போன மாணவர்கள் இரண்டு பேருக்கும், 1918இல் விஷக் காய்ச்சல் வந்தபோது வரிசையாகப் பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது. விடுதிச் சமையல்காரர் ஒருவருக்குக்கூடக் கட்டம் போட்டிருக்கிறார்கள். காப்பிக்காரர் என்பதால் இருக்கலாம். ‘பிரிந்தார்’ என்றால் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். ஒரு வாத்தியார் மாற்றலாகிப் போனதற்கும் ‘பிரிந்தார்’தான். கல்யாணம் செய்து வைத்திருப்பார்கள். தர்க்கத்தில் முதல் இடம் வாங்கியவள் யாருக்கோ சோறு வடித்துக்கொண்டு எழுபது வயது வரை இருந்திருப்பாள்.

நீ தமிழைப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிறாய். அதனால்தான் ஒரு வார்த்தைக்கு எது பெரிய சோகமோ அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிறாய்.

உன் சத்தியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். எனக்குத் தெரிய வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அந்த வீட்டில் அம்மா இல்லாமல் பானை வைக்க முடியாது. தோழி சம்யுக்தா வீட்டில் இருப்பேன்.

உ. பானுப்பிரியா


ஷார்ஜா
4 ஜனவரி 2025

அன்புள்ள பானுப்பிரியா அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அப்பா வெளியே போகக் கிளம்பிவிட்டார், இதையும் தபாலில் சேர்க்க வேண்டும்.

அழகுமலை மாமா முடித்துக்கொண்டார். நேற்றுக் காலை. எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கீழே போனபோது அவருடைய ரூம் திறந்து கிடந்தது. பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார். அவருடைய டீ கிளாஸும் சாமி படமும் ஆரிப் இக்காவிடம் இருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரே சரியில்லை என்று தெரிந்ததிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லையாம். அம்மா அழுதார். நான் லிஃப்ட்டில் ஏறாமல் படியிலேயே ஏறி வந்தேன்.

நீங்கள் இதைப் படிப்பதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

இங்கே இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம் வாங்கினார். இப்போது அவர் இங்கே இல்லை. அதனால் சொல்கிறேன். எங்கள் கட்டிட வாட்ச்மேன்களின் பாஸ்போர்ட்டையெல்லாம் அவர்கள் முதலாளியின் ஆபீஸில்தான் வைத்திருப்பார்களாம். அது தொழில்பேட்டையில் இருக்கிறது. உங்கள் அம்மா இறந்த அன்று பெருநாள் விடுமுறை. ஆபீஸ் பூட்டியிருந்தது. முதலாளி வெளிநாட்டில். மேனேஜர் போனில், சாவி வைத்திருப்பவர் இதோ வருகிறார், இதோ வருகிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அதை நம்பி, மூன்று நாளும் அந்த வெயிலில் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆரிப் இக்காதான் தண்ணீரும் குப்பூஸ் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தாராம். மேனேஜர் ‘வருகிறார்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மாமா உங்களிடம் ‘வருகிறேன்’ என்று சொன்னார்.

ஏன் மறைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவரிடம் கேட்டேன். “கல்நெஞ்சுக்காரன்னே இருந்துட்டுப் போறேன் பாப்பா. பூட்டுன கதவு முன்னாடி நாய் மாதிரி கெடந்தான் ஒங்கப்பன்னு எம் மகளுக்குத் தெரிய வேணாம்” என்றார்.

அப்பா கூப்பிடுகிறார்.

தாரிணி


மதுரை, பேருந்து நிலையம்
17 ஜனவரி 2025

தாரிணி,

எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் கடிதத்தில்தான் பார்த்தேன். வகுப்புக்குப் போகிற வழியில் விடுதி வாசலில் நின்று பிரித்தேன்.

அவருடைய நம்பர் எனக்கு மறக்கவில்லை. அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது. சித்தப்பா போனை எடுக்கவில்லை. யார் கொண்டுவருகிறார்கள், எப்போது கொண்டுவருகிறார்கள், கொண்டுவந்துவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. ஊர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பேசுவதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை.

இந்த முறையும் நான் காத்திருக்க வேண்டும் இல்லையா? பெட்டி வைத்து, ரோட்டு முனையில் நின்று.

நான் நம்பரை மாற்றாமல் இருந்திருந்தால் அவர் செய்திருக்க மாட்டார். அவர் கேட்டது ஒரு உறை. என் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு நான் ‘உ’ என்று எழுதி அனுப்பினேன். அவர் பார்ப்பார் என்று தெரிந்துதான் கொட்டை எழுத்தில் எழுதினேன். சத்தியமாகத் தெரியும்.

அப்பா, பூட்டின கதவு முன்னால் உட்கார்ந்ததில் என்ன அவமானம்? அதைச் சொல்லியிருந்தால் நானும் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்குமே. எனக்குக் கல்நெஞ்சு அப்பா வேண்டாம். அந்த வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாதான் வேண்டும். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் அப்பா. கோபம் ஒன்றும் இல்லை. வந்தால் போதும்.

யாருக்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது. பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது, போட்டுவிட்டு ஏறுகிறேன்.

பானு


ஊரிலிருந்து
20 ஜனவரி 2025

தாரிணிக்கு,

பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தேன். அது வந்தால் பிரிக்காதே. கிழித்துப் போடு.

அவர் உயிரோடு இருக்கிறார்.

நான் வீட்டு வாசலில் கூட்டம் இருக்கும் என்று நினைத்து வந்தேன். பந்தல் இல்லை, யாரும் இல்லை. உள்ளே முற்றத்தில் உட்கார்ந்து, வாயில் மாஸ்க் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டியா ஆத்தா. காலேசு லீவா?” என்றார்.

விமான நிலையத்திலிருந்து நேரே மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டாராம். சளிப் பரிசோதனையில் காச நோய். யாருக்கும் சொல்லாமல் அங்கேயே இருந்திருக்கிறார். என் விடுதியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் போகிறது. பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்கு அனுப்பினார்களாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாவின் வாயைக் கட்டியிருக்கிறார்.

நீ எழுதின ‘முடித்துக்கொண்டார்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவரும் பத்து வருஷம் மஸ்கட் ரூவியில் இருந்தவர். “ஃபாரின் வேலைய முடிச்சுக்கிட்டு ஊருக்கு வந்துர்றது. வேற என்ன?” என்றார். வேற என்ன என்று என்னைக் கேட்கிறார். இங்கே, ஊர் நாட்டில், ஒரு மனுஷன் காலையில் யாரிடமும் சொல்லாமல் முடித்துக்கொண்டார் என்றால் உயிரை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம் தாரிணி. ‘பிரிந்தார்’ என்பதற்கு நீ அழுததைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டே வந்தேன். செத்துப்போனவரிடம் எல்லாம் சொல்ல முடிந்தது. உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும், “எப்ப வந்தீங்க?” என்பதற்கு மேல் வாய் வரவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைப்பாய். எனக்கு ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. யாரை யார் ஏமாற்றினார்கள் என்று தெரியவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். மூன்று நாளாகச் சோறு போடுகிறேன், தட்டு கழுவுகிறேன். அந்தப் பழைய கோபம் போனது போனதுதான். அது இருந்த இடத்தில் வைக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

மாத்திரை ஆறு மாதம். கூட இருக்க ஆள் வேண்டும். விடுதியைக் காலி செய்துவிட்டு இங்கிருந்தே கல்லூரிக்குப் போய் வரலாமா என்று பார்க்கிறேன். ரெண்டு பஸ் மாற வேண்டும். முடியாவிட்டால் நானும் “நம்மைப் பிரிந்தார்”தான். எழுதுவதானால் இந்த முகவரிக்கு எழுது.

உ. பானுப்பிரியா


ஷார்ஜா
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. அப்பா பெட்டியை ரெண்டு வாரமாகத் திறக்கவில்லை. பழைய தேதியிலிருந்து படிப்பது என் வழக்கம். அதனால் கிழிக்கச் சொன்னதைத்தான் முதலில் படித்தேன்.

நான் எழுதிய அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். என்றைக்காவது ஒருநாள் நாங்களும் முடித்துக்கொள்வோம் என்று அப்பா சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்வார். இப்போது அதைக் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். தயவுசெய்து என்னை மன்னியுங்கள்.

பேருந்து நிலையக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். முடியவில்லை. ஆனால் அதை நான் வைத்திருக்கவும் கூடாது. அது எனக்கு எழுதியது இல்லை, பாதியிலிருந்து வேறொருவருக்கு எழுதியது. அதனால் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். கிழிப்பதானால் நீங்களே கிழியுங்கள்.

மாமாவின் டீ கிளாஸை ஆரிப் இக்கா புதிய வாட்ச்மேனுக்குக் கொடுக்கவில்லை. சாமி படத்தை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ப்ராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டேன். கறுப்புக் கரையை அழித்தேன், ஆனால் தடம் தெரிகிறது. இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். பரவாயில்லை. நீங்கள் கல்லூரியை விடாதீர்கள் அக்கா. அந்த நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாரிணி


ஊரிலிருந்து
27 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரிணி,

உறையில் முகவரியை எப்படி எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘அழகுமலை அவர்கள் மகள் பானுப்பிரியா.’ ஊருக்கு எழுதும்போது அப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். எங்கள் தபால்காரர் முதல் வார்த்தைக்கு மேல் படிப்பதில்லை. நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். அவர் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவும் தனக்குத்தான் பாப்பா எழுதியிருக்கிறது என்று பிரித்திருக்கிறார்.

நான் வந்தபோது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தத் தாள் என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பையைக்கூட இறக்கவில்லை, அப்படியே நின்றேன்.

“செத்தா இம்புட்டு கெடைக்குமா ஆத்தா? தெரிஞ்சிருந்தா அங்கயே செத்துருப்பேனே” என்றார்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறொன்றாகி, மாஸ்க்கை இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்ன அளவுக்குத் தள்ளி உட்காரவில்லை.

பிறகு ஒன்று கேட்டார். நான் அதை எதிர்பார்க்கவே இல்லை.

“பொட்டிய எங்க வச்சிருந்தீங்க?”

காட்டினேன். கூடத்தில், ஜன்னலுக்குக் கீழே. தலை எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் காட்டினேன். ஜெனரேட்டர் வயர் எந்த வழியாக வந்தது, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நான் எங்கே நின்றேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரோட்டு முனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியது. அங்கே நின்று வருகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து தன் பாயை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போடுகிறார். காற்றோட்டம் நல்லதுதான் என்று நர்ஸம்மா சொல்கிறார். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அப்பாவுக்கு உடம்பு தேற நாளாகும். தேறினாலும் இனி வேலைக்குப் போகிற உடம்பு இல்லை என்கிறார்கள். நான் ரெண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். முதல் மணி வகுப்பு தினமும் போய்விடுகிறது. இந்த வருஷம் முடிக்கிற வரைக்கும் பார்க்கலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞானசுந்தரியைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன். “அந்தப் புள்ள திரும்பி வந்துச்சா?” என்று கேட்டார். 1920 வரைக்கும் எல்லா மலரையும் பார்த்துவிட்டேன், இல்லை. 1917இல் கலாசாலைக்குப் புதிதாக வாங்கிய சாமான்களின் விவரம் இருக்கிறது. மேசைகள், ஒரு பூகோள உருண்டை, விளக்குகள். நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லை.

சாமி படம் உன்னிடமே இருக்கட்டும் என்கிறார். இந்த உறையைப் பின்பக்கம் திருப்பி அவரிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டப் போகிறேன்.

அன்புடன்,
உ. அ. பானுப்பிரியா